சிறுநீர்ப்பை எடுத்த பிறகு ஸ்டோமாவைச் சுற்றிப் புடைப்பு: பெல்ட் போதுமா, மெஷ் வைக்க வேண்டுமா?

கயல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 67. புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பையை முழுவதும் எடுத்து 14 மாதம் ஆகிறது. சிறுகுடல் துண்டில் சிறுநீர் வெளியேறும் குழாய் (கான்டூயிட்) செய்து, அது வெளியே திறக்கும் வாயை (ஸ்டோமா) வலப்பக்க அடிவயிற்றில் வைத்திருக்கிறார்கள். கடந்த 5 மாதமாக ஸ்டோமாவின் வெளிப்பக்கத்தில் புடைப்பு தெரிகிறது. படுத்தால் உள்ளே போய்விடும். நின்றால், இருமினால் உள்ளங்கை அளவுக்கு எழும்பும்.

சி.டி. ஸ்கேனில் பாராஸ்டோமல் ஹெர்னியா (ஸ்டோமாவைச் சுற்றித் தசை விலகி, உள்ளிருப்பது பிதுங்குவது) என்று வந்திருக்கிறது. தசையில் திறப்பு 4.5 செ.மீ. உள்ளே கொழுப்பு மடிப்பும் சிறுகுடலின் ஒரு வளையமும் வந்து போகின்றன, அடைப்பு இல்லை. வலச் சிறுநீரகத்தில் லேசான ஹைட்ரோநெப்ரோசிஸ் (நீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குவது). சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.2, மூன்று மாதம் முன்பும் அதேதான்.

கேட்க வேண்டியவை இவை. துளையில்லாத 15 செ.மீ. அகலப் பெல்ட் ஒன்று போடுகிறார். போட்டால் பையில் சிறுநீர் இறங்குவது குறைகிறது, இரண்டு மணி நேரத்தில் தோலில் ஒட்டும் பிளேட்டின் மேல் ஓரத்தில் கசிகிறது. கழற்றினால் கசிவு நிற்கிறது, ஆனால் சாயங்காலத்துக்குள் இழுக்கிற மாதிரி வலி. பை இரண்டு பாகம் கொண்டது, கெட்டியான குவிந்த பிளேட். முன்பு 4 நாள் தாங்கியது இப்போது ஒன்றரை நாள்கூடத் தாங்குவதில்லை. ஒரு டாக்டர் "இப்படியே விட்டுவிடலாம்" என்கிறார், இன்னொருவர் "மெஷ் (தசையைத் தாங்கும் வலை) வைத்துவிடலாம்" என்கிறார். எதை வைத்து முடிவெடுப்பது?

தாழம்பூ எழுதியது:

கயல், அறுவையைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். கசிவை முதலில் பார்ப்போம். நீங்கள் எழுதியதிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது.

பெல்ட் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி பெருங்குடல் ஸ்டோமா உள்ளவர்களை மனத்தில் வைத்துச் சொன்னது. அங்கே மலம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை வரும், கெட்டியாக இருக்கும். துளையில்லாத பெல்ட் பையின் மேல் அழுந்தினாலும் பல பேருக்குச் சமாளித்துவிடும். சிறுநீர் அப்படியில்லை. கான்டூயிட்டில் தேக்கி வைக்கிற இடம் கிடையாது, மணிக்கு 50, 100 மில்லி என்று இரவும் பகலும் ஒழுகிக்கொண்டே இருக்கும். பெல்ட் பையின் மேல்பகுதியை வயிற்றோடு சேர்த்து அமுக்கினால் பையின் இரண்டு சுவர்களும் ஒட்டிக்கொள்ளும். ஸ்டோமாவிலிருந்து வரும் நீர் கீழே இறங்க வழியில்லாமல் பிளேட்டுக்கு அடியில் புகுந்துவிடும். பையில் அளவு குறைவதும் மேல் ஓரத்தில் கசிவதும் இதனால்தான். சில சமயம் பெல்ட் ஸ்டோமாவின் வாயையே அமுக்கும். அப்போது நீர் கான்டூயிட்டுக்குள் தேங்கி மேலே சிறுநீரகத்தையும் அழுத்தும். லேசான சிறுநீரக வீக்கம் ஏற்கெனவே இருக்கும்போது இதை ஒரு நாள்கூடத் தொடர வேண்டாம். அந்தப் பெல்ட்டை இன்றே நிறுத்துங்கள்.

யூரோஸ்டமிக்கு, அதாவது சிறுநீர் வரும் ஸ்டோமாவுக்கு, துளை வைத்த பெல்ட்தான் பெரும்பாலும் சரிப்படும். துளையின் அளவுதான் இதில் உயிர்நாடி. பையின் பிளேட் வளையத்தை ஒட்டி நிற்க வேண்டும். துளை பெரிதாக இருந்தால் புடைப்பே துளை வழியாகப் பிதுங்கி வந்து, ஹெர்னியாவை இன்னும் வெளியே இழுக்கும். சிறிதாக இருந்தால் வளையத்தின் மேல் ஏறி பிளேட்டைப் பிய்த்துவிடும். துளையைச் சுற்றிக் கெட்டியான விளிம்பு வைத்துத் தைத்த பெல்ட்டாகப் பாருங்கள். வெறும் எலாஸ்டிக்கில் வெட்டிய துளை சில வாரத்தில் விரிந்துவிடும். அகலம் புடைப்பை மேலும் கீழும் முழுக்க மூட வேண்டும். உள்ளங்கை அளவுப் புடைப்புக்கு 15 செ.மீ. போதலாம், ஆனால் உட்காரும்போது மேல் ஓரம் விலா எலும்பில் இடித்தாலோ கீழ் ஓரம் தொடை மடிப்பில் சுருண்டாலோ அகலம் தவறு. சுருண்ட பெல்ட் கயிறு மாதிரி அறுக்கும்.

போடும் முறை இப்படி. முதலில் பையைக் காலி செய்யுங்கள். மல்லாந்து படுத்து ஐந்து, பத்து நிமிடம் இருந்தால் புடைப்பு தானாக உள்ளே போகும். போகாவிட்டால் உள்ளங்கையால் மெதுவாகத் தாங்கலாம், விரலால் குத்தித் தள்ளக் கூடாது. படுத்த நிலையிலேயே பெல்ட்டை இடுப்புக்கு அடியில் செலுத்தி, பையைத் துளை வழியாக வெளியே எடுத்து, கீழிருந்து மேலாகத் தாங்குகிற மாதிரி ஒட்டுங்கள். எழுந்து நின்றுகொண்டு போட்டால் வெளியே வந்த குடலைத்தான் அமுக்கிக் கட்டுகிறோம், உள்ளே போனதைத் தாங்கவில்லை. கட்டிய பின் ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும், ஆழ மூச்சு எடுக்க முடிய வேண்டும். பையின் அடிக்குழாய் பெல்ட்டுக்கு வெளியே சுதந்திரமாகத் தொங்க வேண்டும். முதல் நாள் இரண்டு மணி நேரம் போட்டு, பையில் எவ்வளவு சேர்ந்தது என்று பெல்ட் இல்லாத நேரத்தோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் அந்தப் பெல்ட் ஆகாது. இரவில் கழற்றிவிடலாம்.

அடுத்தது பிளேட். கெட்டியான குவிந்த பிளேட், தட்டையான வயிற்றில் உள்வாங்கிய ஸ்டோமாவை வெளியே தள்ளுவதற்கு உரியது. புடைத்த வயிற்றின் மேல் அதை வைத்தால் பந்தின் மேல் கிண்ணத்தின் அடிப்பகுதியை ஒட்டுகிற கதை. நடுவில் மட்டும் ஊன்றும், ஓரமெல்லாம் தூக்கிக்கொள்ளும். ஊன்றுகிற இடத்தில் நாளடைவில் தோல் புண்ணாகிவிடும். புடைப்பின் மேல் பெல்ட்டும் போட்டால் அந்தப் புண் இன்னும் சீக்கிரம் வரும். மாற்ற வேண்டியது நெகிழ்வான ஒரே பாகப் பைக்கு, அல்லது வளையத்துக்குப் பதில் ஒட்டும் இணைப்பு உள்ள இரண்டு பாகப் பைக்கு. புடைப்புக்கென்றே உட்குழிந்த வடிவில், நட்சத்திர மாதிரி ஓரம் வெட்டிய பிளேட்டுகளும் கிடைக்கின்றன. அவை கிடைக்காத இடத்தில், சாதாரணத் தட்டைப் பிளேட்டின் வெளி ஓரத்தில் ஆறு, எட்டு இடங்களில் ஒரு செ.மீ. ஆழத்துக்குக் கத்தரியால் கீறிவிட்டால் இதழ் இதழாகப் படிந்து உட்காரும். கீறல் ஸ்டோமாத் துளைப் பக்கம் நெருங்கவே கூடாது. ஸ்டோமா தோல் மட்டத்துக்குக் கீழே போயிருந்தால் மட்டும் மென்மையான குவிவு உள்ளதைப் பார்க்கலாம்.

துளை வெட்டும் அளவு. ஹெர்னியா வந்தபின் ஸ்டோமாவின் உருவம் நின்றால் ஒன்று, படுத்தால் ஒன்று. பழைய அட்டை அளவை வைத்தே இன்னும் வெட்டிக்கொண்டிருந்தால் அதுவும் கசிவுக்கு ஒரு காரணம். இரண்டு நிலையிலும் அளந்து பெரியதுக்கு வெட்டுங்கள், இடைவெளி 2 முதல் 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். மிச்ச இடைவெளியை வளைந்து கொடுக்கும் தடுப்பு வளையத்தால் நிரப்பலாம். குழாயில் வரும் பேஸ்ட் சிறுநீரில் கரைந்து போய்விடும், அதை நம்ப வேண்டாம்.

ஒட்டுகிற நேரம் விடியற்காலை, தண்ணீர் குடிப்பதற்கு முன்பு. அப்போதுதான் ஒழுக்கு குறைவு. சுருட்டிய காஸ் துணியை ஸ்டோமாவின் வாயில் வைத்துக்கொண்டால் தோல் ஈரமாகாது. வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றி உலர்த்துங்கள். எண்ணெய்ப் பசையுள்ள சோப்பு, கிரீம் எதுவும் கூடாது. படுத்த நிலையில் ஒட்டினால், எழுந்ததும் புடைப்பு தோலை இழுத்து ஓரத்தைப் பிரித்துவிடும். பாதி சாய்ந்தோ நின்றோ, கண்ணாடி பார்த்து, தோல் லேசாக விரிந்த நிலையில் ஒட்டச் சொல்லுங்கள். புடைப்பு பெரிதாகும்போது ஸ்டோமாவின் அடிப்பக்கம் அவர் கண்ணுக்கே தெரியாமல் போகும், அதற்கும் கண்ணாடிதான். ஒட்டியபின் உள்ளங்கைச் சூட்டில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பை மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி நிறைந்ததும் காலி செய்துவிடுங்கள். நிறைந்த பையின் எடை புடைப்பையும் சேர்த்துக் கீழே இழுக்கும். சாயங்கால இழுவலியில் அதற்கும் பங்கு உண்டு.

ஊசிநூல் எழுதியது:

இரண்டு டாக்டர்களும் தவறாகச் சொல்லவில்லை. புடைப்பின் அளவை வைத்து முடிவெடுப்பதில்லை, அது என்ன கெடுக்கிறது என்பதை வைத்துத்தான். மூன்று கேள்விகள் போதும். குடலில் உணவு தடையில்லாமல் போகிறதா? சிறுநீர் கான்டூயிட்டிலிருந்து தடையில்லாமல் வெளியே வருகிறதா? பை ஒட்டுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், புடைப்பு பெரிதாகவே இருந்தாலும் பார்த்துக்கொண்டிருப்பது நியாயம். உங்கள் அப்பா விஷயத்தில் முதலாவது சரி, மூன்றாவது பொருத்தத்தை மாற்றினால் சரியாகலாம். இரண்டாவதுக்குத்தான் இன்னும் பதில் இல்லை. அதை நிச்சயப்படுத்தாமல் "விட்டுவிடலாம்" என்றும் சொல்ல முடியாது, "மெஷ்" என்றும் சொல்ல முடியாது.

ஏன் இவ்வளவு தயக்கம் என்றால், இது சாதாரண ஹெர்னியா இல்லை. வயிற்றுச் சுவரில் வேண்டுமென்றே ஒரு ஓட்டை போட்டு, அதைத் திறந்தே வைத்திருக்கிறோம். மற்ற ஹெர்னியாவில் ஓட்டையை மூடினால் வேலை முடிந்தது. இங்கே மூடவும் வேண்டும், நடுவில் குழாய் போகவும் வேண்டும். வெறும் தையலால் இறுக்கினால் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வந்துவிடுகிறது. ஐரோப்பிய ஹெர்னியா சங்கத்தின் வழிகாட்டுதல், திட்டமிட்டுச் செய்யும் அறுவையில் தையல் மட்டும் போடும் முறை வேண்டாம் என்றே சொல்கிறது. ஸ்டோமாவை இன்னொரு இடத்துக்கு மாற்றுவதும் பெருங்குடலில் பேசுகிற அளவுக்கு இங்கே எளிதல்ல. கான்டூயிட் 15 முதல் 20 செ.மீ. குடல்தான். அதன் பின்முனையில் சிறுநீரகங்களிலிருந்து நீர் கொண்டுவரும் இரண்டு யூரேட்டர்களும் தைக்கப்பட்டு, முதுகுப் பக்கச் சுவரோடு கட்டுண்டு கிடக்கிறது. இழுத்துக்கொண்டு போக நீளம் கிடையாது. மாற்றினாலும் புது இடத்திலும் அதே ஓட்டை, அதே பலவீனம். பழைய இடத்தில் தையல் ஹெர்னியா வரவும் வாய்ப்பு உண்டு.

அதனால் மெஷ். அதில் இரண்டு வழிகள் முக்கியம். ஒன்று கீஹோல், அதாவது வலையின் நடுவில் துளை வெட்டி, அதன் வழியாகக் குடலை விடுவது. போகப்போக வலை சுருங்கும்போது அந்தத் துளை விரிந்து மறுபடி ஹெர்னியா வருகிறது. இன்னொன்று 1980-களில் வந்த சுகர்பேக்கர் முறை. துளையே வெட்டாமல், குடலைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அதன் மேல் முழு வலையையும் போர்த்துவது. பெருங்குடல் ஸ்டோமாவில் இதற்கு மறுவரவு குறைவு, அதனால் முதல் தேர்வு. கான்டூயிட்டில்தான் சிக்கல். பின்னால் கட்டுண்ட குட்டைக் குழாயைப் பக்கவாட்டில் இழுத்தால் யூரேட்டர் சேரும் இடத்தில் மடங்கலாம், வலை அழுந்திச் சிறுநீர் தேங்கலாம். போதிய நீளம் இருப்பவர்களுக்கு நன்றாக அமைகிறது, இல்லாதவர்களுக்குக் கீஹோலோ, இரண்டையும் சேர்த்தோ செய்கிறார்கள். தசைக்குப் பின்னால் வலையை வைக்கும் சுகர்பேக்கர் மாற்றம் ஒன்றை 2015 தொட்டுச் சில மையங்களில் செய்கிறார்கள். அதற்குப் பழகிய கை வேண்டும்.

எந்த முறையானாலும் பெரிய பயம் ஒன்றுதான். முதல் அறுவையின் ஒட்டல்களைப் பிரிக்கும்போது கான்டூயிட்டிலோ யூரேட்டரிலோ கீறல் விழுந்து, அது கண்ணில் படாமல் போவது. சிறுநீர் வலையின் மேல் கசிந்தால் வலையில் கிருமி சேரும், கடைசியில் வலையையே எடுக்க வேண்டி வரும். ஆகவே "மெஷ் வைக்கலாம்" என்ற டாக்டரிடம் கேட்க வேண்டியவை இவை: கான்டூயிட் உள்ளவர்களுக்கு இதைச் செய்திருக்கிறாரா, பெருங்குடல் ஸ்டோமாவுக்கு மட்டும்தானா? யூராலஜி டாக்டரும் அறுவை அரங்கில் கூட இருப்பாரா? கான்டூயிட்டுக்குள் குழாய் வைத்து நீல மருந்து செலுத்திக் கசிவு பார்ப்பாரா? கான்டூயிட் எவ்வளவு நீளம், யூரேட்டர்கள் எங்கே சேர்கின்றன என்பதைச் சிறுநீர்ப் பாதையைக் காட்டும் சி.டி. யூரோகிராமில் முன்கூட்டியே பார்த்துவிட்டாரா? இவற்றுக்குத் தெளிவான பதில் இருந்தால் நல்ல கை.

இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள். 14 மாதம்தான் ஆகிறது. சிறுநீர்ப்பைப் புற்று திரும்ப வருவதில் பெரும்பங்கு முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள்தான். அவசரமில்லாத ஹெர்னியா அறுவையை அந்தக் கண்காணிப்பு ஸ்கேன்களோடு ஒத்துப் பார்த்தே திட்டமிட வேண்டும். அதற்குள் புகை இருந்தால் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்துவது, நாள்பட்ட இருமலுக்கு வைத்தியம், சர்க்கரைக் கட்டுப்பாடு, இடுப்புச் சுற்றளவைக் குறைப்பது ஆகியவற்றைப் பாருங்கள். இவை எல்லாம் அறுவைக்கான தயாரிப்பு, அறுவை வேண்டாமென்று முடிவானாலும் வீணாகாது.

எந்த நிலையில் எடுத்த ஸ்கேன் என்றும் கேளுங்கள். மல்லாந்து படுத்து, மூச்சை விட்ட நிலையில் எடுத்தால் திறப்பும் உள்ளே வந்த குடலும் குறைவாகத் தெரியும். மூச்சைப் பிடித்து முக்கியபடி எடுத்த படத்தில்தான் உண்மை அளவு வரும். ஐரோப்பிய வகைப்பாட்டில் சிறியது, பெரியது என்று பிரிக்க 5 செ.மீ.தான் கோடு. 4.5 என்பது படுத்த நிலையின் அளவென்றால், நின்றால் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கலாம். நடுவயிற்றுத் தையலிலும் ஹெர்னியா இருக்கிறதா என்று அதே படத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள். இருந்தால் அறுவைத் திட்டமே மாறும்.

நடைவண்டி எழுதியது:

பெல்ட் தாங்கும், ஆனால் வயிற்றை வலுப்படுத்தாது. பெல்ட்டை மட்டும் நம்பினால் தசை இன்னும் சோம்பிவிடும்.

"இனி எதையும் தூக்காதே" என்று அப்பாக்களை நாற்காலியில் உட்காரவைத்துவிடுகிறார்கள். அதனால் தசை கரைந்து, எடை ஏறி, ஹெர்னியா இன்னும் பெரிதாகிறது. அறுவை முடிந்த முதல் 6 முதல் 8 வாரம் 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது சரி, பல இடங்களில் 12 வாரம்வரை நீட்டுவார்கள். அதற்குப் பிறகு கிலோ கணக்கைவிட மூச்சுதான் நல்ல அளவுகோல். ஒரு பொருளைத் தூக்கும்போது பேசிக்கொண்டே இருக்க முடிந்தால் தூக்கலாம். மூச்சைப் பிடித்தால்தான் எழும்புகிறது என்றால் அது அவருக்கு அதிகம். தூக்கும் கணத்தில் மூச்சை வெளியே விட வேண்டும், பொருள் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். தூக்குவதற்கு முன்பு பெல்ட் போட்டிருந்தால் நல்லது.

ஹெர்னியாவை வளர்ப்பது பெரும்பாலும் எப்போதோ தூக்கும் பாரம் அல்ல, நாள்தோறும் நூறு தடவை ஏறும் வயிற்று அழுத்தம். படுக்கையிலிருந்து நேராக எழும்புவது அதில் முதலிடம். ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கட்டிலுக்குக் கீழே விட்டு, முழங்கையை ஊன்றி எழட்டும். இருமல், தும்மல் வரும்போது உள்ளங்கையை ஸ்டோமாவின் பக்கத்தில் புடைப்பின் மேல் வைத்துத் தாங்க வேண்டும். நிறைந்த பையை அமுக்கிவிடக் கூடாது, பிளேட் பிய்ந்துவிடும். மலம் முக்காமல் வர வேண்டும். சிறுகுடலில் துண்டு எடுத்த பிறகு சிலருக்கு மலம் இளகும், சிலருக்கு வலி மாத்திரையால் இறுகும். இறுகினால் மலமிளக்கியைத் தள்ளிப்போட வேண்டாம். கால் அடியில் ஒரு சிறு ஸ்டூல் வைத்து உட்கார்ந்தாலே முக்கல் பாதி குறையும்.

பயிற்சி என்றால் மூன்று போதும். மல்லாந்து முழங்கால் மடக்கி, மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுத்து 3 முதல் 5 நொடி. அதே நிலையில் இடுப்பைச் சற்றே சாய்த்து முதுகைத் தரையில் பதிப்பது. இரண்டு முழங்காலையும் சேர்த்துப் பக்கவாட்டில் மெல்லச் சாய்ப்பது. ஒவ்வொன்றும் 5 தடவையில் தொடங்கி 10 வரை, நாளுக்கு இரண்டு வேளை. செய்யும்போது ஸ்டோமாவின் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். புடைப்பு வெளியே தள்ளினால் அந்த அசைவு இன்னும் அவருக்கு ஆகாது. படுத்து எழும் சிட்-அப், இரண்டு காலையும் நேராகத் தூக்குவது, இவை வேண்டாம். நடை எவ்வளவு வேண்டுமானாலும்.

கயல்:

தாழம்பூ அக்கா, துளையில்லாத பெல்ட்டை நிறுத்திவிட்டோம். ஊசிநூல் ஐயா, அந்த ஹைட்ரோநெப்ரோசிஸ் ஹெர்னியாவால்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போன மாதம் பையிலிருந்து எடுத்த சிறுநீரில் கிருமி என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். காய்ச்சல் இல்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஊசிநூல்:

கான்டூயிட் வைத்தவர்களுக்கு லேசான சிறுநீரக வீக்கம் அடிக்கடி தெரியும். யூரேட்டரைக் குடலோடு சேர்க்கும்போது பொதுவாக வால்வு வைப்பதில்லை, அதனால் நீர் மேலும் கீழும் போய்வரும். அதனாலேயே சிறுநீரகம் கொஞ்சம் விரிந்து தெரியலாம், தவறில்லை. ஆகவே முதல் வேலை, பழைய படங்களோடு ஒப்பிடுவது. அறுவைக்குப் பின் 3, 6 மாதத்தில் எடுத்த ஸ்கேனிலும் இதே அளவு இருந்தால், அப்போது புடைப்பே இல்லாததால் ஹெர்னியாவின் மேல் பழி போட முடியாது. புதிதாக வந்திருந்தால் விடக் கூடாது.

அடுத்தது லூப்போகிராம். ஸ்டோமா வழியாகச் சிறு குழாய் விட்டு, கான்ட்ராஸ்ட் மருந்தை மெதுவாகச் செலுத்தி எக்ஸ்ரே பார்ப்பது. கான்டூயிட் ஹெர்னியாவுக்குள் மடிந்து கிடக்கிறதா, தசைத் திறப்பில் நெரிகிறதா என்பது இதில் தெரியும். மருந்து இரண்டு யூரேட்டர்களிலும் ஏறினால் சேர்க்கை திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் ஏறவே இல்லையென்றால் அங்கே சுருக்கம் இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு, ஹெர்னியா அறுவையால் தீராது. இதைப் பார்க்காமல் ஹெர்னியாவைச் சரிசெய்துவிட்டுப் பிறகு சிறுநீரகம் ஏன் இன்னும் வீங்கியிருக்கிறது என்று திகைப்பது தவிர்க்க வேண்டிய தவறு. சந்தேகம் தீரவில்லையென்றால் சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிக்கிறது என்று காட்டும் ரேடியோ ஐசோடோப் ஸ்கேன் இருக்கிறது. கிரியாட்டினின் 1.2 என்று நிலையாக இருப்பது ஆறுதல்தான், ஆனால் ஒரு சிறுநீரகம் மெதுவாகக் கெட்டால் இன்னொன்று ஈடுகட்டிவிடும், எண் அசையாது. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இவ்வளவுக்கும் நேரம் இருக்கிறது. நேரமில்லாத நிலைகளை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். படுத்தாலும் உள்ளே போகாமல் புடைப்பு கல் மாதிரி இறுகி வலிப்பது. அதோடு வாந்தி, வயிறு உப்பல், வாயு பிரியாமை. ஸ்டோமா சிவப்பு மாறி ஊதா அல்லது கறுப்பாவது. பிளேட் கசியவில்லை, தண்ணீரும் குடித்திருக்கிறார், ஆனாலும் இரண்டு மூன்று மணி நேரமாகப் பையில் ஒன்றும் சேரவில்லை என்பது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாவுக்குப் பின்னால் வலியும். இதில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது, புடைப்பைத் தள்ளிப் பார்க்கவும் கூடாது, சாப்பாடு கொடுக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தாழம்பூ:

கயல், பையில் எடுத்த சிறுநீரை வைத்துக் கிருமிப் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் கிருமி வரும். பையில் எப்போதும் கிருமி இருக்கும், கான்டூயிட்டிலும் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும். அதற்கெல்லாம் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் கடைசியில் உண்மையாகவே காய்ச்சல் வரும்போது மருந்து கேட்காது. காய்ச்சல், விலா வலி, குளிர் போன்ற அறிகுறி இருந்தால்தான் பரிசோதனையே வேண்டும். அப்போதும் பையைக் கழற்றி, ஸ்டோமாவைச் சுத்தம் செய்து, கிருமி நீக்கிய 12 அல்லது 14 அளவுக் குழாயை உள்ளே விட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஹெர்னியா உள்ளவர்களுக்கு உள்வழி வளைந்திருக்கும். குழாய் தடுத்தால் படுக்கவைத்துப் புடைப்பு இறங்கியபின் முயல வேண்டும், அழுத்தித் தள்ளவே கூடாது. சிறுநீரில் வெள்ளை நூலாக மிதப்பது குடலின் சளி, அது கிருமி அல்ல.

ஆனால் அந்தப் பழைய பெல்ட்டால் நீர் தேங்கியிருந்தால் அது கிருமி பெருக இடம் கொடுத்திருக்கும், அந்த வகையில் தொடர்பு உண்டு. இதய, சிறுநீரக டாக்டர் தடை சொல்லாதவரை நாளுக்கு 2 முதல் இரண்டரை லிட்டர் குடிக்கட்டும்.

பிளேட்டை மாற்றும்போது தோலையும் பாருங்கள். ஒன்றரை நாளுக்கு ஒரு தடவை கசிந்த தோலில் ஸ்டோமாவை ஒட்டி வெண்சாம்பல் நிறத்தில் மரு மாதிரி தடித்திருந்தால், காரத்தன்மையுள்ள சிறுநீர் தோலில் நின்றதால் வந்தது. மணல் மாதிரி சொரசொரப்பு இருந்தால் பாஸ்பேட் உப்புப் படிவு. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து ஒவ்வொரு தடவை பை மாற்றும்போதும் 10 நிமிடம் வைத்து, பிறகு தண்ணீரில் கழுவி உலர்த்தினால் படிவு கரையும். தோல் உரிந்து எரிந்தால் வினிகரை இன்னும் நீர்க்கச் செய்ய வேண்டும். ஆனால் துளை அளவைச் சரிசெய்யாமல் வினிகர் மட்டும் வைத்தால் திரும்பத் திரும்ப வரும்.

தும்பை எழுதியது:

சிறுநீர்ப்பை அறுவைக்கு இனிமேல்தான் போகிறவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்காக ஒன்று. ஸ்டோமா எங்கே வர வேண்டும் என்று அறுவைக்கு முன்பே குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். படுத்து, உட்கார்ந்து, நின்று, குனிந்து நான்கு நிலையிலும் பார்த்து, அந்த மடிப்புகளையும் பெல்ட் கட்டும் கோட்டையும் விலக்கி, நேர்த்தசைக்குள் வருகிற மாதிரி, அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் குறிக்க வேண்டும். மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்த பின் தேடுகிற இடம் சரியாக வராது.

முதல் அறுவையிலேயே தசைக்குப் பின்னால் மெல்லிய வலை வைக்கலாமா என்றும் கேட்கலாம். ஸ்வீடனில் கான்டூயிட் வைத்த 242 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான சோதனையில், இரண்டு ஆண்டில் வலை வைக்காதவர்களில் 23 சதவீதம் பேருக்கும், வைத்தவர்களில் 11 சதவீதம் பேருக்கும் ஹெர்னியா வந்தது. எல்லோருக்கும் வைப்பதில்லை. பருமன், பெண்கள், நாள்பட்ட இருமல், ஏற்கெனவே ஹெர்னியா வந்தவர்கள் என்று ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு முக்கியமாகக் கேட்டுப் பார்க்கலாம்.

கயல்:

எல்லோருக்கும் நன்றி. 3 மாதத்தில் எடுத்த ஸ்கேனைத் தேடி எடுத்தோம். அதிலும் வலப்பக்கம் லேசான வீக்கம் என்றுதான் எழுதியிருக்கிறது. லூப்போகிராம் அடுத்த வாரம். ஒரே பாகத் தட்டைப் பிளேட்டை ஓரம் கீறி நேற்றுக் காலை நின்றபடி ஒட்டினோம், இதுவரை கசியவில்லை.

தாழம்பூ:

நல்லது. கசியாவிட்டாலும் மூன்றாம் நாள் காலை கழற்றி, பிளேட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டோமாத் துளையைச் சுற்றி எந்தப் பக்கம் அதிகம் வெளுத்து ஊறியிருக்கிறதோ, சிறுநீர் நுழைவது அந்தப் பக்கம்தான். அடுத்த பிளேட்டில் அந்தப் பக்கம் மட்டும் தடுப்பு வளையத்தைக் கொஞ்சம் தடிப்பாக வையுங்கள்.